உம்மாவின் படபடப்பும் ஒரு விரிவுரைக் குறிப்பும்: உளஉயிரியல் படிக்கும் பள்ளிவாசல்துறைப் பிள்ளைகள்

பல்கலைக்கழகத்தில் உளவியலைப் பாடமாகத் தெரிவு செய்யும் கலைப்பீட மாணவர்கள் தொடக்கத்திலேயே ஒரு சிறு அதிர்ச்சியைச் சந்திக்கின்றனர். மனதைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் மூளையின் குறுக்குவெட்டுப் படம் திரையில் விழுகிறது. நரம்புக்கலம், அயன்கள், மில்லிவோல்ற்று, ஓமோன்கள் என்று அடுத்தடுத்து வருகின்றன. உளஉயிரியல் என்பது அந்த அறிமுகப் பாடத்தின் பெயர். நாம் பயப்படுவது, தூங்குவது, நினைவில் வைத்திருப்பது, மறப்பது எல்லாம் உடலுக்குள் எப்படி நடக்கின்றன என்பதே அதன் விடயம்.

பள்ளிவாசல்துறை புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கும் ஊர். அங்கிருந்தும் அயல் கிராமங்களிலிருந்தும் பல்கலைக்கழகம் சென்று இந்தப் பாடத்தைப் படித்த சிலருடன் பேசினேன். எல்லோரும் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதியவர்கள். பெரும்பாலானோர் 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். முகாமில் பிறந்தவர்களும் உண்டு, முகாம் குடியிருப்பாக மாறிய பிறகு பிறந்தவர்களும் உண்டு. தங்கள் பெயரையோ படித்த பல்கலைக்கழகத்தையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். பேசப்போவது வீட்டுக் கதை, அது ஊருக்குள் அடையாளம் காணப்படக்கூடாது என்பது அவர்களது கவலை.

ஏறத்தாழ எல்லோரும் இரண்டு விடயங்களைச் சொன்னார்கள். முதல் வாரங்களில் பாடத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தார்கள். பிறகு ஒரு கட்டத்தில், விரிவுரையாளர் பேசுவது தன் வீட்டைப் பற்றித்தான் என்று அவர்களுக்குத் தோன்றியது.

முதல் வாரங்கள்

கடைசியாக உயிரியல் படித்தது சாதாரண தர விஞ்ஞானத்தில். அதன்பின் தமிழ், இஸ்லாமிய நாகரிகம், புவியியல், அரசியல் என்று போய்விட்டவர்கள். இப்போது பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. விரிவுரை தமிழில் நடந்தாலும் திரையில் இருப்பது ஆங்கிலம். தமிழ்ச் சொற்களும் ஒரே மாதிரி இல்லை. மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறிய பகுதி, இலங்கைப் பாடநூலில் ‘பரிவகக்கீழ்’ என்றும், வேறு குறிப்பில் ‘ஐப்போதலமசு’ என்றும், இந்தியப் புத்தகத்தில் ‘ஹைபோதலாமஸ்’ என்றும் வருகிறது. மூன்றும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கத் தனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்றார் ஒரு மாணவி. அதன்பிறகு அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் சொற்பட்டியல் ஒன்றை எழுதத் தொடங்கினார்.

உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறினார்கள் என்பதும், எது எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுப் படித்தவர்கள் தப்பினார்கள் என்பதும் நான் கேட்டவற்றிலிருந்து எனக்குத் தெரிந்தது. நரம்புக்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறை ஏற்றத்தில் இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொற்றாசியம் அதிகம். தூண்டல் போதிய அளவு வந்ததும் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் நரம்பின் நீளத்துக்கு ஓடுவதுதான் நரம்புச் செய்தி. நாம் சோற்றில் போடும் உப்பில் இருப்பதும் இந்தச் சோடியம்தான் என்று புரிந்தபோது, புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவருக்குப் பாடம் கொஞ்சம் நெருங்கி வந்தது.

நரம்பு முடியும் இடத்தில் அடுத்த நரம்போடு அது ஒட்டியிருப்பதில்லை. இடையில் மிகச் சிறிய இடைவெளி. மின்செய்தி பெரும்பாலும் அதைத் தாண்டாது. அங்கே இரசாயனம் ஒன்று வெளியாகி மறுகரைக்குப் போகவேண்டும். அந்த மாணவி இதைத் தன் ஊர்ப் பெயரை வைத்தே விளங்கிக்கொண்டார்: சாமான் லொறியில் வரும், துறையில் இறக்கித் தோணியில் ஏற்றினால்தான் அக்கரை போகும். 1921இல் ஒட்டோ லோவி இதைக் காட்டிய விதம் எளிமையானது. ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு எதையோ திரவத்தில் விட்டிருக்கிறது என்பது நிரூபணமானது. 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் பலவும் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன.

பாடநூல்களில் தவறாமல் வரும் இன்னொருவர் பினியாஸ் கேஜ். 1848இல் அமெரிக்காவின் வேர்மொன்றில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது வெடிமருந்து வெடித்து, ஒரு மீற்றருக்கு மேல் நீளமான இரும்புக்கம்பி அவரது இடது கன்னத்தால் புகுந்து மண்டையின் மேலால் வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் குணம் மாறிவிட்டது, இவர் பழைய கேஜ் இல்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வகுப்பில் பலருக்கு இது வினோதக் கதை. முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த ஒரு சகமாணவிக்கு அப்படி இருக்கவில்லை. அவரது உறவினர் ஒருவரின் தலையில் செல் துண்டு இன்னும் இருக்கிறது. முன்பு சாதுவாக இருந்தவர், இப்போது சிறு விடயத்துக்கும் கத்துவார். திமிர் பிடித்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்கும் ஆற்றலும் அடிபடலாம் என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

கேஜின் கதையில் வகுப்புகள் அடிக்கடி விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. அவர் பிற்காலத்தில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் குதிரைவண்டி ஓட்டினார். ஒழுங்கு முறையோடு செய்யவேண்டிய வேலை அது. காயம்பட்ட ஆளுக்கு ஒழுங்கான வேலையும் மாறாத நாளாந்தமும் கிடைத்தால் நிலைமை தேறலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். தலையில் செல் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கும் நாட்டில் இந்தப் பாதியைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பது எனது எண்ணம்.

மனஅழுத்தம் பற்றிய வாரம்

பரிவு நரம்புத்தொகுதி, பரபரிவு நரம்புத்தொகுதி என்று இரண்டு இருக்கின்றன. ஆபத்து என்று மூளை முடிவுசெய்ததும் முதலாவது இயங்கும். இதயம் வேகமாகும், மூச்சு கூடும், இரத்தம் குடலை விட்டுக் கைகால்களுக்குப் போகும். அதிரீனற் சுரப்பி அதிரினலினை விடும். எதிர்த்து நிற்க அல்லது ஓடித் தப்ப உடல் தயாராகிறது என்று வோல்ற்றர் கனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1915இல் விளக்கினார். கொஞ்சம் மெதுவாக இன்னொரு பாதையும் திறக்கிறது. ஐப்போதலமசு கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, கபச்சுரப்பி அதிரீனற் சுரப்பிக்கு அனுப்ப, கோட்டிசோல் இரத்தத்தில் கலக்கிறது. இது வெல்லத்தை இரத்தத்துக்குக் கொண்டுவந்து உடலுக்குத் தீனி போடும். ஆபத்து விலகியதும் கோட்டிசோலே மூளைக்குத் திரும்பிப்போய் ‘போதும்’ என்று நிறுத்தவேண்டும்.

நாய் துரத்தினால் இந்த ஏற்பாடு அருமையானது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடியாமல் வருடக்கணக்கில் நீளும் ஆபத்துக்கு உடல் என்ன செய்யும் என்ற கேள்வியில்தான் விரிவுரை கற்பிட்டிக்கு வந்து சேர்கிறது.

1990 ஒக்ரோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேறும்படி உத்தரவிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்ரோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாக வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினர். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை சில மாதங்களுக்கு என்று நினைக்கப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்தபோது அது 19 வருடமாகியிருந்தது. இந்த மணல் மண்ணில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கூலிவேலை செய்தும், கடலுக்குப் போயும் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

ஒரு மாணவியின் உம்மாவுக்கு மஃரிப் நேரமானால் நெஞ்சு படபடக்கும். கைவிரல்கள் விறைக்கும். சில நாட்களில் நாக்கும். வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று பனடோலும் விற்றமினும் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் ஒருவர் கண்ணூறு என்றார். ஓதிப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். நடிக்கிறார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், மாணவிக்கும் சின்ன வயதில் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

பரிசோதனையில் ஒன்றும் அகப்படாததற்கும் உடலில் ஒன்றும் நடக்காததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் இரத்தத்தின் இரசாயனச் சமநிலை மாறி, விரல்களிலும் வாயைச் சுற்றியும் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் உண்டாகும். தலை சுற்றும். தலை சுற்றுவதால் பயம் கூடும், பயம் கூடுவதால் மூச்சு இன்னும் வேகமாகும். விறைப்பு உண்மையானது, யாரும் நடிக்கவில்லை. வெளிமூச்சை நீளமாக விட்டு, மெதுவாக மூச்செடுத்தால் பரபரிவு நரம்புத்தொகுதி இதயத்தைத் தணிக்கிறது. மருந்துக் கடைக்குப் போகாமலே செய்யக்கூடியது இது. ஆனால் நெஞ்சு நோவோ படபடப்போ புதிதாக வந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டி இதயத்தில் பிரச்சினை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பாடக்குறிப்பை வைத்து வீட்டில் முடிவெடுக்கக்கூடாது.

ஏன் மஃரிப் நேரம்? பயத்தை மூளை தனியாகப் பதிந்துவைப்பதில்லை, அப்போதிருந்த வெளிச்சம், சத்தம், மணம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அதில் முக்கிய வேலை செய்வது அமிக்டலா எனப்படும், வாதுமைப் பருப்பளவான பகுதி. மணம் பற்றிய செய்தி மூக்கிலிருந்து மிகக் குறுகிய பாதையில் அதை அடைகிறது. மண்ணெண்ணெய் மணத்தில் ஒருவருக்கு வயிறு பிரட்டுவதற்கு இதுவும் காரணமாகலாம். பவ்லோவின் நாய்களிலிருந்தே தெரிந்த இன்னொரு உண்மை: பழக்கப்பட்ட பயம் அழிவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது. களைப்பு, நோய், நித்திரையின்மை வந்தால் பழையது மேலே வரும். வன்னியில் கிபிர் சத்தத்துக்குள் வாழ்ந்த ஒருவர், இத்தனை வருடம் கழித்து வானத்தில் விமானம் தாழப் பறக்கும்போது மேசைக்கடியில் குனிந்தால், அவரது மூளை பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பதுங்குகுழியில் அவரைக் காப்பாற்றிய பாடம் அது.

மாணவர்கள் இதையெல்லாம் வீட்டில் சொல்லப் போனபோது நடந்தது எப்போதும் நல்லதாக இருக்கவில்லை. தனக்குப் பைத்தியம் என்று மகள் சொல்ல வருகிறாள் என்றே ஓர் உம்மா எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. மகள் பிறகு மூளையை விட்டுவிட்டு, மூச்சிலிருந்தும் விரல் விறைப்பிலிருந்தும் தொடங்கினார். அது எடுபட்டது. (இந்தப் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு பருவம் வருகிறது, தன்னையும் விடுதித் தோழிகளையும் ஒன்றுவிட்ட மாமாவையும் நோயாளியாகக் கண்டுபிடிக்கும் பருவம். அது தானாகப் போய்விடும்.)

பாடநூலில் இல்லாத பக்கம்

செஸ்மல் சிறிவர்தனவும் சகஆய்வாளர்களும் புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழும் முஸ்லிம்கள் மத்தியில் ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். 141 குடியிருப்புகளிலிருந்து 18 முதல் 65 வயதுவரையான 450 பேர் அதில் இருந்தனர். 18.8 வீதமானோரிடம் பொதுவான உளப் பாதிப்புகளில் ஏதாவது ஒன்று காணப்பட்டது. வடுவுக்குப் பிந்திய மனஉளைச்சல், அதாவது உலகமெங்கும் யுத்தம் என்றதும் எடுத்துப் பேசப்படும் அந்த நோய், 2.4 வீதம். உடல் நோவாக, உளைவாக, படபடப்பாக வெளிப்படும் பாதிப்பு 14.0 வீதம்.

இந்த இலக்கங்களைப் பார்த்தபோது ஒரு மாணவருக்குக் கோபம் வந்தது. 2.4 என்றால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாதா என்பது அவரது கேள்வி. நான் அப்படி வாசிக்கவில்லை. இடம்பெயர்ந்து இருபது வருடமளவில் எடுக்கப்பட்ட கணக்கு இது. பெரும்பாலானோர் நோயாளியாகாமல் தாக்குப் பிடித்திருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் அது பெரும்பாலும் உடலின் மொழியில் வந்திருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் கைகால் உளைவு என்று வரிசையில் நிற்கும் பெண்ணிடம், என்ன நடந்தது என்று கேட்க எவருக்கும் நேரமில்லாவிட்டால் அந்த 14 வீதம் பனடோலோடு வீட்டுக்குப் போய்விடும்.

அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இந்தப் பாதிப்புகள் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். வேலையில்லாதவர்களுக்கு வாய்ப்பு விகிதம் 2.8. கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள், விவாகரத்தானவர்களுக்கு 4.9. சாப்பாட்டுக்கு நிச்சயமில்லாதவர்களுக்கு 1.7. எது முதலில் வந்தது, வறுமையா நோயா, என்று ஒருமுறை எடுத்த கணக்கால் சொல்லமுடியாது. இருந்தாலும் கோட்டிசோலை ‘போதும்’ என்று நிறுத்தவேண்டிய அந்தச் செய்தி, நாளைக்கு அடுப்பெரியுமா என்ற கேள்வி இருக்கும் வீட்டில் எப்படிப் போய்ச் சேரும்? நீடித்த அழுத்தம் உடலில் தேய்மானமாகச் சேருகிறது என்று புரூஸ் மக்கீவன் என்ற நரம்பியல் விஞ்ஞானி 1990களிலிருந்து எழுதினார். இரத்த அழுத்தம், வெல்லம், நித்திரை, நினைவு எல்லாவற்றிலும் அது தெரியும்.

உளஉயிரியல் வகுப்பின் குறை இங்கேதான் இருக்கிறது. மூளையின் படத்தில் காணி உறுதியும் வாக்காளர் பதிவும் இருக்காது. எல்லாவற்றையும் மண்டைக்குள் தேடப் பழகிவிட்டால், சிகிச்சையும் மண்டைக்குள் மட்டுமே என்று முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் யுத்தகாலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் காயப்படுத்துகிறது, ஆற்றுவதும் அந்த மட்டங்களில் நடக்கவேண்டும் என்று பல வருடங்களாக எழுதிவருகிறார். அறிமுகப் பாடத்தோடு இதையும் சேர்த்து ஒரு வாரம் படிப்பித்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

எங்களுக்கும் வந்துவிட்டதா?

முகாமில் பிறந்தவர்கள் எல்லோரும் விரிவுரையாளரிடம் கேட்க நினைத்து, பலரும் கேட்காமல் விட்ட கேள்வி இது. பெற்றோரின் அதிர்ச்சி பிள்ளைகளின் மரபணுவுக்குள் போகிறது என்று இணையத்தில் நிறைய வாசித்திருக்கிறார்கள். கலியாணம் பேசும் வீட்டில் இதை யாராவது எடுத்துவிடுவார்களோ என்றுகூட ஒருவர் யோசித்திருக்கிறார்.

இந்தப் பேச்சுக்குப் பெரிய மூலங்களில் ஒன்று ரேச்சல் யெஹுடாவின் குழுவினர் நாசி வதைமுகாம்களிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் தப்பிய யூதர்களிடமும் அவர்களது பிள்ளைகளிடமும் செய்த ஆய்வு. கோட்டிசோல் ஒழுங்குபடுத்தலோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் இரசாயனக் குறியில் அவர்கள் வித்தியாசம் கண்டனர். மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதைப் பாதிக்கும் குறி மட்டுமே. அந்த ஆய்வில் தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். மிகச் சிறிய தொகை என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. தவிர, பிள்ளைகள் அந்தப் பெற்றோரின் வீட்டில்தான் வளர்ந்தார்கள். கருவில் வந்ததா, இரவில் உம்மா அழுவதைக் கேட்டு வளர்ந்ததில் வந்ததா என்று மனிதரில் பிரித்தறிவது மிகக் கடினம். இரத்தத்தில் வந்த சாபம் என்று யாரும் முடிவுகட்ட அதில் இடமில்லை.

மூளை சுருங்கிவிடும் என்ற பயமும் இப்படித்தான். வடுவுக்குப் பிந்திய மனஉளைச்சல் உள்ளவர்களில் நினைவுக்குரிய ஹிப்போகம்பஸ் பகுதி சிறிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. 2002இல் வியட்நாம் யுத்தத்துக்குப் போனவர்களையும், போகாத அவர்களது ஒத்த இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யுத்தத்தைக் காணாத சகோதரரிலும் அது சிறிதாகவே இருந்தது. ஆகவே குறைந்தது ஒரு பகுதியாவது யுத்தத்துக்கு முன்பே இருந்த வித்தியாசம்.

வீட்டில் இப்படியான அறிகுறிகளோடு ஒருவர் இருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

பரீட்சையில் கோட்டிசோல் பாதையை வரைந்து விளக்கும்படி கேள்வி வந்திருந்தது. உம்மாவின் விறைப்பைப் புரிந்துகொண்ட மாணவி அம்புக்குறிகளோடு சரியாக வரைந்தார், நல்ல புள்ளி கிடைத்தது. அவரது சொற்பட்டியல் கொப்பியை இப்போது கனிஷ்ட மாணவர்கள் பொட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள். ‘உடல்சார் அறிகுறி’ என்று விரிவுரையாளர் சொன்ன சொல்லுக்கு நேரே, உம்மாவிடமும் அயல்வீட்டுப் பெண்களிடமும் கேட்டு அவர் எழுதிவைத்தவை: உளைவு, எரிவு, படபடப்பு, விறைப்பு, இளைப்பு, நெஞ்சடைப்பு, உடம்பு ஏலாமை.